அக்குளில் ஒரு குளிர்பெட்டி

பரமக்குடி பேருந்து நிலையத்தில், காலை பத்து இருபதுக்கு, தவசிலிங்கம் தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து எறிந்தார். கூடவே தன் உத்தியோகத்தின் முதல் விதியையும் எறிந்துவிட்டார் என்பது அவருக்கு ஏழு நிமிடம் கழித்துத்தான் உறைத்தது.

அது சாயல்குடி போகும் பஸ். பகல் பன்னிரண்டிலிருந்து ஐந்து வரை வெயில் தடை. சாலையில் சக்கரம் உருளக் கூடாது. ஆகவே பத்தரை வண்டிதான் தடைக்கு முன் போய்ச் சேரக்கூடிய கடைசி வண்டி. அது உள்ளே நுழையும்போதே நாற்பது பேர் அதனோடு சேர்ந்து ஓடினார்கள். தவசிலிங்கம் ஓடவில்லை. ஓடுவது இரண்டாம் விதிக்கு விரோதம். ஆனால் ஜன்னல் ஒன்று கண்ணெதிரே நின்றது, உள்ளே இருக்கை காலியாக இருந்தது. அவர் கை அவரைக் கேட்கவேயில்லை. மேலே போனது, சுழன்றது, துண்டு பறந்து போய் இருக்கையில் விழுந்தது. நாற்பத்தாறு வருட வாழ்க்கையில் அவர் குறி தவறாமல் செய்த காரியங்கள் குறைவு; அதில் இது ஒன்று.

பிறகு சாவகாசமாக ஏறினார். துண்டு ஜன்னல் கம்பியில் மாட்டப்பட்டிருந்தது. அது விழுந்த இடத்தில் ஒரு பெரிய அம்மாள் உட்கார்ந்திருந்தார். தான் பார்த்தது துண்டைத்தானே தவிர ஆளை இல்லை என்றும், துண்டுக்குத்தான் டிக்கெட் என்றால் அதைத் தன் மடியில் வைத்துக்கொள்வதில் ஆட்சேபம் இல்லை என்றும் அந்த அம்மாள் சொன்னார். தவசிலிங்கம் நியாயம் பேசினார். நடத்துநர் வந்து நியாயம் பேசினார். கடைசியில் அம்மாள் சற்று நகர, இவர் சற்று ஒடுங்க, இருவருக்கும் இடம் கிடைத்தது. தண்ணீர் குடித்தார். வெற்றிப் பெருமூச்சு விட்டார். அப்போதுதான் வலது அக்குளில் காற்று பட்டது.

அங்கே காற்று படக் கூடாது.

இறங்கி ஓடினார். ஜன்னலுக்கு நேர் கீழே, பின் சக்கரத்தை ஒட்டி, கொதிக்கும் தாரில், அவர் அக்குளில் இருந்திருக்க வேண்டிய சுண்டுவிரல் அளவு மருந்துக் குப்பி கிடந்தது. ஒரு காக்கை அதைத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தது, தொடும் தைரியம் அதற்கும் இல்லை. குப்பியை எடுத்தபோது விரல் சுட்டது. நிலையத்துக் கடிகாரத்தில் பத்து இருபத்தேழு.

தவசிலிங்கத்தின் பதவிக்கு நிறுவனம் வைத்திருந்த பெயர் ‘உடல்வழி மருந்துக் காவலர்’. ஊரார் வைத்த பெயர் அக்குள்காரர். கைப்புத்தகத்தில் முதல் விதி: வலது கையைத் தோள்மட்டத்துக்கு மேல் உயர்த்தக் கூடாது. சாமி கும்பிட்டாலும் நெஞ்சோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லி பயிற்சியில் சேர்த்துச் சொன்னார்கள். இது போதாதென்று, வேர்க்குரு அரிக்கிறதே என்று குப்பியைப் பிடித்திருக்கும் அக்குள் பட்டையைக் காலையில் தளர்த்தி விட்டிருந்தவரும் அவரேதான். குற்றத்தில் பங்கு கேட்க வேறு ஆளில்லை.

குப்பியின் கழுத்தில் ஒரு பொட்டு உண்டு. வெள்ளையாக இருந்தால் மருந்து நல்லது, கறுத்தால் கெட்டது. இப்போது அது சாம்பல் நிறத்தில் இருந்தது. கண்டுபிடித்தவர் வெள்ளையும் கறுப்பும் போதும் என்று நினைத்திருப்பார். சாம்பலை வக்கீல்கள் சேர்த்திருப்பார்கள் என்று தவசிலிங்கத்துக்குத் தோன்றியது.

அவர் குப்பியைத் திரும்ப வைத்து, பட்டையை இறுக்கி, கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். வண்டி புறப்பட்டது.

பக்கத்து அம்மாளின் பெயர் சண்முகவடிவு. தொழில் கல்யாணத் தரகு. சண்டை போட்ட உரிமையில் அவர் உடனே விசாரிக்கத் தொடங்கினார். கைக்கு என்ன, சுளுக்கா என்றார். தவசிலிங்கம் சொன்னார்.

“அட, நீங்க அக்குள்காரரா? நான் பாத்ததே இல்ல. ஏன் தம்பி, ஐஸ் பெட்டியில வெச்சுக் கொண்டுபோனா ஆகாதா?”

“பெட்டிக்கு பேட்டரி வேணும்க்கா. அம்பத்தோரு டிகிரியில பேட்டரி உப்பிப்போய் வெடிக்குது. வழியில நின்னுபோன பெட்டி அடுப்பு மாதிரி. மனுசன் உடம்பு மட்டுந்தான், தண்ணியக் குடுத்துக்கிட்டே இருந்தா, வெளிய எவ்வளவு கொதிச்சாலும் முப்பத்தேழுலயே நிக்கும். அதனால முப்பத்தெட்டு வரைக்கும் தாங்குற மாதிரி மருந்தையே மாத்திட்டாங்க. வசதியுள்ளவங்களுக்குக் குளிர் வண்டி வீட்டு வாசலுக்கே போகும். மத்தவங்களுக்கு நான்.”

“காய்ச்சல் வந்தா?”

“வரக் கூடாது. கோவம் வரக் கூடாது, ஓடக் கூடாது, கூட்டமான வீட்ல இருக்கக் கூடாது. துக்க வீட்டுக்குப் போகக் கூடாது.”

“பொஞ்சாதி?”

“அதுக்கு வழியில்லாம அவங்களே முன்னாடியே ஏற்பாடு பண்ணிட்டுப் போயிட்டாங்க” என்றார். அந்த அம்மாள் சிரித்தார். தவசிலிங்கமும் சிரித்தார். நேர்காணலுக்கு ஐநூறு பேர் வந்திருந்தார்கள், வீட்டில் எத்தனை பேர் என்ற கேள்விக்கு ‘நானும் ஒரு பல்லியும்’ என்று சொன்னவரைத்தான் எடுத்தார்கள். நாளெல்லாம் சலனமில்லாத உடம்பு. மணிக்கட்டில் கட்டியிருக்கும் பட்டை அதை மதுரை அலுவலகத்துக்கு நிமிடத்துக்கு ஒருமுறை சொல்லிக்கொண்டிருக்கும். அவர் நலமாக இருக்கிறாரா என்று உலகத்தில் யாரோ ஒருவர் ஓயாமல் கவனிப்பதாக முதல் மாதம் அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பிறகுதான் தெரிந்தது, அந்தப் பக்கம் ஆள் இல்லை என்று.

முதுகுளத்தூர் தாண்டியதும் மெல்லக் கேட்டார். தன் சிநேகிதர் ஒருவர், அவரும் இதே வேலைதான், கைதவறிக் குப்பியைக் கீழே போட்டுவிட்டார்; கண் இமைக்கிற நேரந்தான்; எடுத்துவிட்டார். மருந்து கெட்டிருக்குமா?

சண்முகவடிவு அவருடைய அக்குளைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார்.

“தம்பி, பொண்ணு எப்படின்னு கேட்டா நான் என்னைக்குமே ஆமா, இல்லன்னு சொன்னதில்ல. களையா இருப்பான்னு சொல்லுவேன். அவ்வளவுதான். உங்க சிநேகிதரோட மருந்தும் களையாத்தான் இருக்கும்.”

சாயல்குடியில் இறங்கும்போது மணி சரியாகப் பன்னிரண்டு. வெயில் தடை தொடங்கிவிட்டது. கடைத்தெரு முழுக்கச் சாக்குத் திரைகள். தவசிலிங்கம் நிழலில் நின்று நிறுவனத்தின் உதவி எண்ணைக் கூப்பிட்டார். ஒரு பெண் குரல், இனிமையான குரல், அவர் பெயரைச் சொல்லி வணக்கம் சொன்னது. முப்பது வினாடி குப்பி வெளியே இருந்திருந்தால் என்ன ஆகும் என்று கேட்டார். சிநேகிதரை இந்த முறை விட்டுவிட்டார். இயந்திரத்திடம் எதற்கு மரியாதை பார்ப்பது. வழிகாட்டு நெறிகளின்படி மருந்து பாதுகாப்பாகவும் இருக்கலாம், பாதுகாப்பற்றதாகவும் இருக்கலாம் என்று குரல் சொன்னது. இந்தப் பதிலில் திருப்தியா என்று கேட்டது. ஒன்றிலிருந்து ஐந்து வரை ஒரு எண்ணை அழுத்தச் சொன்னது. அவர் மூன்றை அழுத்தினார்.

அடுத்து மருந்துக் கடை. கடைக்காரர் சாக்கை விலக்கி, குப்பியின் பொட்டை ஒரு கண் பார்த்தார். ஒரு நிமிஷம் தரையில் கிடந்தது, ஒரு நிமிஷந்தான் என்றார் தவசிலிங்கம். தான் எதையும் பார்க்கவில்லை, அவரும் எதையும் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டுக் கடைக்காரர் சாக்கை இறக்கினார். உள்ளேயிருந்து, குடிக்கத் தண்ணீர் வேண்டுமானால் தருகிறேன் என்ற குரல் மட்டும் வந்தது.

வெள்ளமுனை அங்கிருந்து மூன்று கிலோமீட்டர். உப்பளத்து ஆட்களுக்காகப் போட்ட பந்தல் பாதை வழியாக நடக்கலாம். மெதுவாக நடந்தார், ஐம்பது அடிக்கு ஒரு மடக்குத் தண்ணீர். இரு பக்கமும் பாத்திகள் கண்ணைப் பறித்தன. ஆள் ஒருவர்கூட இல்லை. இந்தப் பக்கத்தில் வெயில் அறுவடை செய்வதில் உப்பு ஒன்று, சிறுநீரகம் இன்னொன்று. வியர்வையும் உப்புமாகப் பத்து வருடம் நின்றவர்களுக்குக் கால் வீங்கத் தொடங்கும், பிறகு முகம். அந்த வீக்கத்தை நிறுத்தி வைக்கத்தான் இந்த மருந்து. ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி. ஆய்வகத்தை விட்டு வந்த ஒன்பது மணி நேரத்துக்குள், அதாவது இன்று ஐந்து மணிக்குள் போட்டாக வேண்டும். கெட்டுப்போனதைப் போட்டால் இன்னும் மோசம்: உடம்பு அதை எதிரியாக அடையாளம் வைத்துக்கொள்ளும், அப்புறம் நல்ல மருந்தையும் உள்ளே விடாது.

நடக்க நடக்க அவர் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டார். கண் இமைக்கிற நேரம், முப்பது வினாடி, ஒரு நிமிஷம். ஒவ்வொருவரிடமும் சொன்னது ஒவ்வொன்று. ஆனாலும் எல்லாருமே ஒரே மாதிரி மழுப்பினார்கள் என்று அவருக்கு எல்லார் மேலும் வருத்தமாக இருந்தது.

அன்றைய நோயாளி முத்துராக்குவின் வீட்டில் செவிலியர் ஜெபக்கனி ஏற்கனவே காத்திருந்தார். முத்துராக்குவுக்கு முப்பத்தெட்டு வயது இருக்கும். கால்கள் இரண்டையும் ஒரு பலகை மேல் நீட்டி உட்கார்ந்திருந்தாள். கொலுசுத் தடம் வீக்கத்தில் புதைந்திருந்தது. அவரைக் கண்டதும் எழ முயன்றாள். அவர் வேண்டாம் என்றார். கேட்கவில்லை, எழுந்து வீட்டின் ஒரே மின்விசிறிக்குக் கீழே இருந்த நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“உக்காருங்கண்ணே. எவ்வளவு தூரத்துல இருந்து வாரீக.”

தவசிலிங்கம் உட்கார்ந்தார். மின்விசிறி அவருக்கு, அவளுக்கு இல்லை.

“கைய லேசாத் தூக்குங்க சார்” என்றார் ஜெபக்கனி.

இந்த ஒரு கணத்துக்காகத்தான் தவசிலிங்கம் இந்த வேலையில் நீடித்தார் என்று சொன்னால் அவரே சிரிப்பார், ஆனால் மறுக்க மாட்டார். செவிலியர் கை உள்ளே வந்து பட்டையை அவிழ்க்கும். மாதத்தில் நான்கு முறை, ஒவ்வொரு முறையும் பத்து வினாடி. வேறு யாரும் அவரைத் தொடுவதில்லை. அந்தப் பத்து வினாடியும் அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொள்வார்.

பத்து வினாடி முடிந்தது. ஜெபக்கனி குப்பியை வெளிச்சத்தில் பிடித்தார். 

“சாம்பலா இருக்கு சார்.”

“ஆமா” என்றார் தவசிலிங்கம். “நானும் பாத்தேன்.”

ஜெபக்கனி தன் கைக்கணினியைத் திறந்து விதியைத் தேடிப் படித்தார். நல்ல பெண், எதையும் தானாகச் சொல்லிவிடாமல் இருக்கப் பழக்கப்பட்டவர். “சாம்பல் வந்தா காவலர் சொல்றதத்தான் எழுதணும்னு இருக்கு. உடம்ப விட்டு எவ்வளவு நேரம் வெளிய இருந்துச்சு? ஒரு நிமிஷத்துக்குள்ளன்னா ஊசி போடலாம். மூணு நிமிஷத்துக்கு மேலன்னா கொட்டிட்டு, காவலர் தப்புன்னு எழுதி, பன்னெண்டு நாள்ல வேற மருந்து வரும்.”

“ரெண்டுக்கும் நடுவுல இருந்தா?”

“நடுவுல இருந்தா யார் தப்புன்னும் எழுத வேண்டியதில்ல. மேலிடத்துல கேக்கணும். விசாரிச்சு, மருந்து வர நாப்பது நாள் ஆகும்.”

காவலர் தப்பு என்றால் உரிமம் போகும். அதை அவர் படித்துச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

தவசிலிங்கத்துக்கு அந்த நடுவிடம் பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை மாதிரி தெரிந்தது. கெட்ட மருந்து உள்ளே போகாது. தன் வேலையும் போகாது. பொய் என்று பார்த்தால் சின்னப் பொய். ஒரு நிமிஷம் என்று சொல்லி ஆளைக் கொல்ல அவர் என்ன பாவியா? துண்டு எறிந்த அதே சுறுசுறுப்போடு அவர் வாய் முந்திக்கொண்டது.

“ரெண்டு நிமிஷம் இருக்கும்.”

“ரெண்டு” என்று ஜெபக்கனி தட்டினார்.

  முத்துராக்கு தன் கால்களைப் பார்த்தாள். கட்டைவிரலால் கணுக்காலில் ஒரு அழுத்து அழுத்தி, குழி நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தாள். அது நிரம்பவே நேரமெடுத்தது. பிறகு செவிலியரிடம், அரிசி வாங்கப் போகச் சொல்வது போன்ற குரலில் சொன்னாள்:

“அப்பன்னா ஏர்வாடில அக்காவுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிருங்க. புள்ளைய இப்பவே கூட்டிக்கிட்டுப் போகட்டும். பள்ளிக்கூடம் தொறக்கிறதுக்குள்ள அங்கயே சேத்துரலாம். கடைசி நேரத்துல அலைய வேணாம்.”

“அப்படியெல்லாம் பேசாதீங்க” என்றார் ஜெபக்கனி. நாற்பது நாள் தாங்கும் என்று அவர் சொல்லவில்லை. தாங்காது என்றும் சொல்லவில்லை. நம்பிக்கையோடு இருக்கச் சொன்னார்.

மின்விசிறி தவசிலிங்கத்தின் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்தது. மணிக்கட்டுப் பட்டை லேசாக அதிர்ந்தது. முப்பத்தேழு புள்ளி ஆறு. உட்கார்ந்த இடத்தில் உடம்பு சுடுவது இந்த வேலைக்கு வந்த பிறகு முதல் தடவை. அலுவலகத்தில் எங்கோ ஒரு திரையில் அவர் பெயர் மஞ்சளாகியிருக்கும்.

“அழிங்க” என்றார்.

ஜெபக்கனி நிமிர்ந்தார்.

“ரெண்ட அழிங்க. ஏழு. பத்து இருபதுல இருந்து பத்து இருபத்தேழு வரைக்கும். கடிகாரத்தப் பாத்தேன். பரமக்குடி பஸ் ஸ்டாண்டுல துண்டு போட்டு சீட்டுப் பிடிச்சேன், கையத் தூக்கினதுல விழுந்துருச்சு. அப்புறம் ஏறி, சீட்டுக்குச் சண்ட போட்டு, தண்ணி குடிச்சு... அதுக்கப்புறந்தான் பாத்தேன். பட்டையையும் காலையில நானேதான் தளத்தி விட்டேன். தார் ரோட்டுல கிடந்துச்சு. சுட்டுச்சு. மருந்து கெட்டுப்போச்சு. நான்தான் கெடுத்தேன்.”

ஒரே மூச்சில் இவ்வளவு பேசி எத்தனையோ வருடமாகியிருந்தது. கேட்க ஆளிருந்த ஒரு வீட்டில் அதைப் பேசும்படி ஆனதே என்றும் ஒரு பக்கம் தோன்றியது.

ஜெபக்கனி தட்டினார். உறுதிதானா என்று கருவி கேட்டது. தவசிலிங்கத்தின் பெருவிரலைக் கேட்டது. வைத்தார். பன்னிரண்டு நாளில் மாற்று மருந்து என்று பச்சை எழுத்தில் வந்தது. அதே நொடியில் மணிக்கட்டுப் பட்டையின் விளக்கு அணைந்தது. இனி அவர் உடம்பு என்ன சூட்டில் இருந்தாலும் அது அவருடைய சொந்த விஷயம்.

ஜெபக்கனி குப்பியை உடைத்து அமிலத்தில் கொட்டினார், பையை மூடினார். பன்னிரண்டு நாளைக்கு உப்பைக் குறை, தண்ணீரை அளந்து குடி, பாத்திப் பக்கமே போகாதே என்று சொல்லிவிட்டு, அடுத்த வீட்டில் ஒரு நோயாளியைப் பார்க்க வேண்டும் என்று பந்தல் பாதையில் இறங்கினார். போகும்போது தவசிலிங்கத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

மணி இரண்டேகால். அடுத்த வண்டி ஐந்துக்கு. வெளியே போக வழியில்லை. உள்ளே இருக்க முகமில்லை.

தவசிலிங்கம் எழுந்து நாற்காலியைத் தூக்கி அவள் பக்கம் வைத்தார், மின்விசிறிக்குக் கீழே. அவள் உட்கார்ந்தாள். அவர் வாசல் நிலையோரம் தரையில் உட்கார்ந்தார். தரை சுட்டது, எழவில்லை.  முத்துராக்கு சுவரில் மாட்டியிருந்த பள்ளிப்பையைப் பார்த்தாள், பிறகு விரல்களை மடக்கிப் பன்னிரண்டு எண்ணினாள். நடுவில் ஒருமுறை தவறியது, முதலிலிருந்து எண்ணினாள்.

அவருக்கு ஏதாவது வேடிக்கையாகச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. இந்த மாதிரி நேரங்களில் அவர் எப்போதும் அதைத்தான் செய்வார். அக்குள் சும்மா இருக்கிறது, வாடகைக்கு விடலாம் என்று ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டார்.

அவரை விட்டுப் போனவர்கள் எல்லாரும் நல்லவர்கள். மனைவி பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தபோது, கோபமா என்று இவர் கேட்டார். அதெல்லாம் ஒண்ணுமில்ல என்றாள். பிறகு தம்பி, அதே கேள்வி, அதெல்லாம் ஒண்ணுமில்லண்ணே. ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு ஒவ்வொருவராகப் போனதில்தான் வீட்டில் பல்லி மட்டும் மிஞ்சியது. இங்கேயும் அதே பதில்தான் வரும். வந்தால் ஐந்து மணிக்கு எழுந்து போக வசதியாக இருக்கும். ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“தங்கச்சி” என்றார், நிலையைப் பார்த்துக்கொண்டே. “என்மேல கோவமா?”

முத்துராக்கு எண்ணுவதை நிறுத்திவிட்டு அவரை நேராகப் பார்த்தாள்.

“ஆமாண்ணே” என்றாள். “ரொம்பக் கோவம். நல்ல மருந்து வந்து ஊசி போட்டப்புறம் ஒரு நா வாங்க. இன்னும் இருக்கா, போயிருச்சான்னு அப்பச் சொல்றேன்.”